வீட்டுத் தானியக்கத்தில் மின்னஞ்சல் அறிவிப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரைச் சேர்ந்த சாட்ஸ்வொர்த்திலும் பீனிக்ஸிலும் உறவினர் வீடுகளில், உணரிகளையும் மின்கருவிகளையும் இணைத்துக் கண்காணிக்கும் ஹோம் அசிஸ்டென்ட் மென்பொருளை நிறுவிக் கொடுப்பது சில ஆண்டுகளாக என் ஓய்வுநேர வேலையாக இருந்து வருகிறது. சென்ற மாதம் என் அக்காள் மகன் தன் வீட்டில் அதைத் தானே அமைத்து முடித்துவிட்டு, "மாமா, மூன்று வாரமாக ஒரு மெயில்கூட வரவில்லை, வீட்டில் எல்லாம் நல்லபடியாக இருக்கிறது" என்று மகிழ்ச்சியோடு சொன்னான். அதே சொற்களை நானும் ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறேன். அதற்கு நான் கொடுத்த விலையை அவனும் கொடுக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முகவரியில் எழுத்துப் பிழை, அமைப்புகளை எழுதும் யாமல் கோப்பில் இடைவெளி பிசகுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை முதல் சோதனையிலேயே தெரிந்துவிடும். எல்லாம் சரியாக ஓடிக்கொண்டிருப்பதாகத் தோன்றிப் பல மாதம் கழித்து வெளிப்படும் தவறுகளே இங்கே பேசத் தக்கவை.

கணக்கின் கடவுச்சொல்லை அப்படியே கொடுப்பது

ஜிமெயில் தனிநபர் கணக்குகளில், கணக்கின் கடவுச்சொல்லை மட்டும் கொண்டு வெளி மென்பொருள் நுழையும் வழி 2022 மே 30 முதல் அடைக்கப்பட்டுவிட்டது. இருபடிச் சரிபார்ப்பை இயக்கி, வெளி மென்பொருளுக்கென்று கூகுள் தரும் 16 எழுத்துகள் கொண்ட செயலிக் கடவுச்சொல் ஒன்றைப் பெற்று, அதை ஹோம் அசிஸ்டென்ட் கடவுச்சொற்களைத் தனியே வைக்கும் சீக்ரெட்ஸ் கோப்பில் எழுத வேண்டும். வீட்டுக்கென்று தனியாக ஒரு மின்னஞ்சல் கணக்கைத் திறந்துகொள்வது இன்னும் நல்லது. அதன் காரணம் கீழே விளங்கும்.

25ஆம் எண் போர்ட்

மின்னஞ்சலை அனுப்பும் வாயில் எண்ணாக (போர்ட்) அது வேண்டாம், 587 அல்லது 465.

மின்னஞ்சல் வராததை நற்செய்தியாகக் கொள்வது

தனியாக வசிக்கும் என் அத்தையின் ஃப்ரிட்ஜுக்குள் ஜிக்பீ என்ற கம்பியில்லாத் தொடர்பில் இயங்கும் வெப்பநிலை உணரி ஒன்றை வைத்திருந்தேன். அவருக்கு மூன்று மாதத்திற்குத் தேவையான இன்சுலின் பேனாக்கள் அதில் இருந்தன. திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைத்திருக்க வேண்டும் என்பதால், வெப்பநிலை 8 டிகிரியைத் தாண்டி அரை மணி நேரம் நீடித்தால் எனக்கு மின்னஞ்சல் வரும்படியும், நிலைமை மாறாவிட்டால் மணிக்கொரு முறை அது திரும்ப வரும்படியும் அமைத்தேன். உணரியை வெளியே எடுத்து மேசைமேல் வைத்துச் சோதித்தும் பார்த்தேன். மின்னஞ்சல் வந்தது. அன்றோடு அந்த வேலை முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

மார்ச் மாதத்தில் என் கைப்பேசி திருட்டுப் போயிற்று. அன்றிரவே எல்லாக் கணக்குகளின் கடவுச்சொற்களையும் மாற்றினேன். அது செய்ய வேண்டிய காரியந்தான். ஆனால் கூகுள் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றினால், அந்தக் கணக்கில் பெற்றிருந்த செயலிக் கடவுச்சொற்கள் எல்லாம் ரத்தாகிவிடும் என்பதை நான் அப்போது அறிந்திருக்கவில்லை. என் சொந்தக் கணக்கையே அத்தை வீட்டு அமைப்புக்கும் கொடுத்திருந்தேன். அந்த இரவிலிருந்து அங்கிருந்து ஒரு மின்னஞ்சலும் வெளியே வர வழியில்லாமல் போயிற்று.

ஜூன் மாதம் அத்தையையும் அழைத்துக்கொண்டு ஜோஹன்னஸ்பர்க்கில் ஒரு திருமணத்திற்குச் சென்றோம். நாங்கள் புறப்பட்ட மறுநாள் அத்தையின் தெருவில் இரண்டு மணி நேரம் மின்சாரம் நின்று திரும்பியது. ஆனால் ஃப்ரிட்ஜை நான் ஒரு ஸ்மார்ட் பிளக் வழியாக இணைத்திருந்தேன். மின்சாரம் போய் வந்தால் அணைந்தே இருக்கும் விதமாகத் தொழிற்சாலை அமைப்போடு வந்திருந்த பிளக் அது. அந்த அமைப்பை நான் மாற்றவில்லை. திருமண வீட்டில் அத்தை இரண்டு முறை வீட்டைப் பற்றிக் கேட்டார். இரண்டு முறையும் கைப்பேசியைப் பார்த்துவிட்டு, "கவலைப்படாதீர்கள் அத்தை, ஏதாவது என்றால் எனக்கு மெயில் வந்திருக்கும்" என்று உறுதியாகச் சொன்னேன்.

நான்காம் நாள் திரும்பி வந்து கதவைத் திறந்தபோது வாசல்வரை நாற்றம் வந்தது. உறைபெட்டியில் இருந்த இறைச்சியும் மீனும் போனது பெரிதல்ல. பெரும்பாலான இன்சுலின் வகைகள் குளிரை விட்டு வெளியே வந்தபின் ஏறத்தாழ 28 நாளுக்குள் பயன்படுத்தப்பட வேண்டியவை. ஆகவே இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட மருந்தை எறிந்துவிட்டுப் புதிதாக வாங்க வேண்டியதாயிற்று. அத்தை என்னை ஒரு வார்த்தையும் கடிந்துகொள்ளவில்லை. அதுவே இன்றும் என்னை உறுத்துகிறது.

அன்றிரவு மென்பொருள் தன் செயல்களைக் குறித்து வைக்கும் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். வெப்பநிலை எல்லையைத் தாண்டிய அரை மணி நேரத்தில் அமைப்பு மின்னஞ்சல் அனுப்ப முயன்றிருக்கிறது. அதன் பிறகு மணிக்கொரு முறை, நாங்கள் வந்து சேரும்வரை, முயன்றுகொண்டே இருந்திருக்கிறது. ஒவ்வொரு முயற்சிக்கும் நேராக 535 என்ற பிழை எண், அதாவது பயனர் பெயரும் கடவுச்சொல்லும் ஏற்கப்படவில்லை என்ற பதில், பதிவாகியிருந்தது. அமைப்பு தன் வேலையைச் செய்தது. யாரும் திறந்து பார்க்காத ஒரு கோப்பில்தான் அதன் குரல் எழுந்தது.

மின்னஞ்சல் வராமைக்கு இரண்டு காரணங்கள் இருக்கக்கூடும்: சொல்வதற்கு ஒன்றும் நடக்கவில்லை, அல்லது நடந்ததைச் சொல்ல வழியில்லை. பெறுபவரின் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். புதியவர்கள் பலர் இன்னொன்றையும் நம்புகிறார்கள். ஒரு கடிதத்தைச் சேர்ப்பிக்க முடியாவிட்டால் அதை வரிசையில் வைத்திருந்து நான்கைந்து நாளாவது மீண்டும் மீண்டும் முயல வேண்டும் என்று, மின்னஞ்சல் அனுப்புவதற்கான எஸ்எம்டிபி நெறிமுறை அஞ்சல் சேவையகங்களுக்குச் சொல்கிறது. வீட்டு மென்பொருளும் அவ்வாறே செய்யும் என்பது அவர்கள் எண்ணம். அது அப்படிச் செய்வதில்லை. முயற்சி தோற்றால் பதிவேட்டில் ஒரு வரி எழுதிவிட்டு அந்தக் கடிதத்தைக் கைவிட்டுவிடும்.

இதற்கு நான் முதலில் செய்த பரிகாரமும் அரைகுறையானதே. தினமும் காலை ஆறு மணிக்கு "அத்தை வீடு நலம்" என்று ஒரு மின்னஞ்சல் எனக்கு வரச் செய்தேன். பத்து நாளுக்குள் அது வந்ததா என்று பார்ப்பதையே நிறுத்திவிட்டேன். வராத கடிதத்தைத் தேடும் வேலையை மனிதரிடம் விடக் கூடாது. அதை வீட்டுக்கு வெளியே உள்ள ஒரு பொறியிடம் விட வேண்டும். ஹெல்த்செக்ஸ் போன்ற கண்காணிப்புச் சேவைகள், நீங்கள் உருவாக்கும் ஒவ்வொரு சோதனைக்கும் தனியாக ஒரு மின்னஞ்சல் முகவரி தருகின்றன. காலை மின்னஞ்சல் இப்போது அந்த முகவரிக்குச் செல்கிறது. குறித்த நேரம் கழிந்து ஒரு மணி நேரத்திற்குள் அது போய்ச் சேராவிட்டால், அந்தச் சேவை டெலிகிராம் வழியாக என்னை அழைக்கிறது. உண்மையான எச்சரிக்கை எந்த வழியில் பயணம் செய்யுமோ, அதே கணக்கில், அதே கடவுச்சொல்லில், அதே வழியில் இந்தச் சோதனைக் கடிதமும் பயணம் செய்வதால், வழி அடைபட்டால் மறுநாள் காலைக்குள் தெரிந்துவிடும். இணையத் தொடர்பு உயிரோடு இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் சோதனை இதைக் காட்டாது. அத்தை வீட்டில் அந்த மூன்று மாதமும் இணையம் குறைவில்லாமல் இருந்தது.

உணரியின் மௌனமும் இதே வகைதான். மின்கலம் தீர்ந்த உணரி கடைசியாகச் சொன்ன அளவையே திரை பல மணி நேரம் காட்டிக்கொண்டிருக்கக்கூடும். 4.2 டிகிரி என்ற நல்ல எண்ணைப் பார்த்து நிம்மதி அடைவதற்கு முன், அது எப்போது சொல்லப்பட்டது என்று பார்க்க வேண்டும். மூன்று மணி நேரம் புதிய அளவு எதுவும் வராவிட்டால் அதையும் ஓர் எச்சரிக்கையாக அமைத்துக்கொள்ளுங்கள்.

மின்சாரம் திரும்பும் கணத்தை மறப்பது

2023இல் லோட் ஷெடிங் என்ற திட்டமிட்ட மின்வெட்டு இங்கே உச்சத்தில் இருந்தபோது, மின்சாரம் திரும்பும் ஒவ்வொரு முறையும் சிலருடைய அஞ்சல் பெட்டியில் எச்சரிக்கைகள் வந்து குவிந்தன. மென்பொருள் மீண்டும் எழும்போது உணரிகளின் நிலை சிறிது நேரம் "கிடைக்கவில்லை" என்று இருந்து, பிறகு உண்மை நிலைக்கு மாறுகிறது. கதவு திறந்த நிலைக்கு மாறினால் அறிவி என்று மட்டும் எழுதியிருந்தால், ஏற்கெனவே திறந்திருந்த கதவும் அப்போது புதிதாகத் திறந்ததாகவே கொள்ளப்படும். மூடிய நிலையிலிருந்து திறந்த நிலைக்கு என்று, எதிலிருந்து எதற்கு என்பதை முழுமையாக எழுத வேண்டும். ஜிமெயில் தனிநபர் கணக்கு நாளுக்கு 500 மின்னஞ்சலுக்கு மேல் அனுப்ப விடாது என்பதையும் நினைவில் வையுங்கள். வீண் எச்சரிக்கைகளால் அந்த எல்லை நிரம்பிவிட்டால், உண்மையான எச்சரிக்கைக்கு இடம் இருக்காது.

அரை மணி நேரம் நீடித்தால் என்பது போன்ற காத்திருப்புக் கணக்கும் மென்பொருள் மறுபடி தொடங்கும்போது அழிந்துவிடும். ஆகவே தொடங்கியவுடன் வெப்பநிலையை ஒரு முறை தனியாகச் சரிபார்க்கும் விதி ஒன்றும் தேவை.

ரௌட்டருக்கு மட்டும் மினி யூபிஎஸ் கொடுப்பது

மின்சாரம் நிற்கும்போது மின்கலத்தால் கருவிகளை ஓட்டும் அந்தச் சிறு பெட்டியின் இணைப்பை, சுவரில் இருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் மென்பொருள் ஓடும் கணினிக்கும் சேர்த்துக் கொடுங்கள். மூன்றில் ஒன்று நின்றாலும் மின்னஞ்சல் வெளியே போகாது.

எச்சரிக்கையை உங்களுக்கு மட்டும் அனுப்புவது

அந்த ஜூன் மாதத்தில் மின்னஞ்சல் எனக்கு வந்திருந்தாலும், ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்துகொண்டு நான் யாரையாவது தொலைபேசியில் தேடிக்கொண்டுதான் இருந்திருப்பேன். சாவி யாரிடம் இருக்கிறதோ அவருக்கும் கடிதம் போக வேண்டும், அவருக்குப் புரியும் சொற்களில் போக வேண்டும். உணரியின் பெயரையும் எண்ணையும் மட்டும் தாங்கிய கடிதம் அவருக்குப் பயன்படாது. அத்தை வீட்டுச் சாவி பக்கத்து வீட்டு அக்காவிடம் இருக்கிறது. இப்போது அவருக்குச் செல்லும் கடிதத்தின் தலைப்பு இது: "சமையலறை ஃப்ரிட்ஜ் 12 டிகிரி. ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் உள்ள வெள்ளைப் பிளக்கின் பொத்தானை ஒருமுறை அழுத்துங்கள். விளக்கு எரியாவிட்டால் இன்சுலின் டப்பாவை உங்கள் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு என்னை அழையுங்கள்."