அருங்காட்சியகப் பொருளைத் திருப்பிக் கேட்கும் கோரிக்கையை எடைபோடுவது எப்படி?

காலனியாட்சிக் காலத்தில் எடுத்துச் செல்லப்பட்ட தொல்பொருள்களை அருங்காட்சியகங்கள் திருப்பித் தர வேண்டுமா என்ற கேள்விக்கு மொத்தமாக ஒரு விடை சொல்ல முடியாது. போரில் சூறையாடியதும், விலை கொடுத்து வாங்கியதும், அன்றைய ஆட்சியாளரின் அனுமதியோடு பெயர்த்தெடுத்ததும் ஒரே கூடத்தில் அடுத்தடுத்த கண்ணாடிப் பேழைகளில் இருக்கின்றன. எனவே இதைப் பற்றி எழுதவோ வாதிடவோ விரும்புபவர் முதலில் ஒரு குறிப்பிட்ட பொருளைத் தேர்ந்தெடுத்து, அது கைமாறிய வரலாற்றைத் தேட வேண்டும்.

தேடலைப் பதிவு எண்ணிலிருந்து தொடங்குங்கள். பெரிய அருங்காட்சியகங்கள் பலவும் தம் பதிவேடுகளை இணையத்தில் வைத்திருக்கின்றன. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள, இன்றைய நைஜீரியாவின் பெனின் நகர அரண்மனையைச் சேர்ந்த பித்தளைப் பலகைகள் பலவற்றின் எண் 1898,0115 என்ற இலக்கங்களைக் கொண்டிருக்கும். அவை 1898 ஜனவரி 15 அன்று பதிவாயின என்பது அதன் பொருள். பிரிட்டிஷ் படை பெனின் நகரைக் கைப்பற்றி, அரண்மனையைச் சூறையாடியது 1897 பிப்ரவரியில். ‘ஒபா’ என்னும் பட்டம் கொண்ட பெனின் மன்னர் ஒவோன்ராம்வென் கலபாருக்கு நாடுகடத்தப்பட்டார். ஓராண்டுகூட நிறையாத அந்த இடைவெளியை எண்ணே காட்டிக்கொடுத்துவிடுகிறது. பதிவேட்டில் ‘அன்பளிப்பு’ என்று இருந்தால் அதோடு நின்றுவிடாதீர்கள். அருங்காட்சியகத்துக்கு அளித்தவர் யார் என்பதை மட்டுமே அது சொல்லும். அவர் கைக்கு அது எப்படி வந்தது என்பதைச் சொல்லாது. பெனின் பலகைகளை அளித்தது பிரிட்டனின் வெளியுறவுத் துறை.

அடுத்து, பொருள் பறிபோன விதத்தைத் தீர்மானிக்க வேண்டும். இந்தக் கட்டத்தில்தான் அதிக நேரம் செலவிட வேண்டியிருக்கும். நேரடிப் போர்க்கொள்ளை என்றால் சிக்கல் குறைவு: 1868இல் எத்தியோப்பியாவின் மக்தலா கோட்டை வீழ்ந்தபோது, படையோடு சென்றிருந்தவர்களில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் அலுவலர் ரிச்சர்டு ஹோம்ஸும் ஒருவர், கொள்ளைப் பொருள்களை அவர் அங்கேயே ஏலத்தில் எடுத்தார். ஒப்பந்தத்தின் பெயரால் பெற்றவை இவ்வளவு தெளிவாக இரா. கோஹினூர் வைரம் 1849ஆம் ஆண்டு லாகூர் ஒப்பந்தத்தின்படி விக்டோரியா அரசியிடம் ஒப்படைக்கப்பட்டது உண்மையே. ஆனால் ஒப்படைத்த சீக்கிய மன்னர் துலீப் சிங்குக்கு அப்போது வயது பத்து, பஞ்சாபோ படையெடுப்பில் தோற்றிருந்தது. கையெழுத்து இருக்கிறதா என்பதோடு, மறுக்கும் நிலையில் அவர் இருந்தாரா என்பதையும் கேட்டாக வேண்டும்.

அனுமதியின் பேரில் எடுத்தவற்றுக்கு அனுமதிக் கடிதத்தையே படித்துப் பார்க்க வேண்டும். ஏதென்ஸின் பண்டைய பார்த்தெனான் கோயிலின் சிற்பங்களை பிரிட்டிஷ் தூதர் எல்கின் பிரபு, அன்று கிரேக்கத்தை ஆண்ட உஸ்மானிய அரசின் இசைவோடு எடுத்ததாகச் சொல்லப்படுகிறது. மூல ஆவணம் கிடைக்கவில்லை. அதன் இத்தாலிய மொழிபெயர்ப்பு மட்டுமே இருக்கிறது. அதில் சில கற்களை எடுத்துக்கொள்ளலாம் என்று இருப்பது விழுந்து கிடந்தவற்றையா, கட்டடத்திலிருந்து அறுத்தவற்றையும் சேர்த்தா என்பது இன்றுவரை விவாதமாகவே நீடிக்கிறது. கிரேக்கம் பிரிட்டனின் காலனியாக இருந்ததில்லை என்பதையும், அன்று அனுமதி தந்தவர் அந்நிய ஆட்சியாளர் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். ஒன்றை விட்டால் வாதம் ஒருபக்கமாகிவிடும்.

விலை கொடுத்து வாங்கியவை என்றாலும் ஐயத்தோடு அணுகுவதே நல்லது. 1931 முதல் 1933 வரை ஆப்பிரிக்காவில் டக்காரிலிருந்து ஜிபூத்தி வரை சென்ற பிரெஞ்சு ஆய்வுக் குழுவின் செயலாளர் மிஷேல் லெய்ரிஸ், ஊராரை மிரட்டிப் புனிதப் பொருள்களை எடுத்துக்கொண்டதைத் தம் நாட்குறிப்பிலேயே எழுதி வைத்திருக்கிறார். எடுத்தவர்களின் சொந்தக் கடிதங்களும் நாட்குறிப்புகளும் பல நேரங்களில் அவர்களுக்கு எதிரான சாட்சியாகவே அமைந்துவிடுகின்றன.

சட்டத்துக்கு வருவோம். நம்மிடையே அடிக்கடி நேரும் ஒரு குழப்பத்தை முதலில் நீக்கிக்கொள்வது நல்லது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடப்பட்டு, ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் வாங்கி, 2014இல் இந்தியாவிடம் திரும்பிவந்த நடராசர், விடுதலைக்குப் பின் நடந்த திருட்டு. அதற்குக் குற்றவியல் சட்டமும் பண்பாட்டுப் பொருள்களின் சட்டவிரோதக் கடத்தலைத் தடுக்கும் 1970ஆம் ஆண்டு யுனெஸ்கோ உடன்படிக்கையும் துணை நிற்கும். 1845இல் பிரிட்டிஷ் அதிகாரி வால்டர் எலியட் அகழ்ந்தெடுத்து, பின்னர் லண்டனுக்கு அனுப்பப்பட்ட ஆந்திரத்து அமராவதிச் சிற்பங்கள் அப்படி அல்ல. அந்த உடன்படிக்கை பின்னோக்கிச் செல்லாது. எனவே காலனியாட்சிக் காலத்துப் பொருளுக்கு அதைச் சுட்டிக்காட்டினால் வாதம் அங்கேயே முறிந்துவிடும்.

அதேபோல், பொருளை வைத்திருப்பவருக்கு அதைத் தரும் அதிகாரம் உண்டா என்று பாருங்கள். 1963ஆம் ஆண்டுச் சட்டம், மிகச் சில விதிவிலக்குகள் தவிர, பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் அறங்காவலர்கள் சேகரிப்பிலிருந்து எதையும் கைவிடுவதைத் தடுக்கிறது. பிரான்சில் பொதுச் சேகரிப்புகள் உரிமை மாற்ற இயலாதவை. 1892இல் அபோமே அரண்மனையிலிருந்து எடுத்த 26 பொருள்களை பெனின் குடியரசுக்கு (நைஜீரியாவின் பெனின் நகரம் வேறு, இந்த நாடு வேறு) தர 2020இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. பிரிட்டிஷ் அருங்காட்சியகம் இருக்கும் அதே லண்டனில் உள்ள ஹார்னிமன் அருங்காட்சியகத்தை அந்த 1963ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்தாததால், அறக்கட்டளை ஆணையத்தின் ஒப்புதலோடு 2022இல் 72 பெனின் பொருள்களின் உரிமையை நைஜீரியாவுக்கு மாற்றிக் கொடுத்தது. ஆகவே ‘சட்டம் இடம் தரவில்லை’ என்ற பதிலைக் கேட்டால், எந்தச் சட்டம், அதை மாற்றக்கூடியவர் யார் என்று கேளுங்கள். நாடாளுமன்றம் இயற்றிய தடையை நாடாளுமன்றமே நீக்கலாம்.

யாரிடம் தருவது என்பது கோரிக்கையாளர் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. கோஹினூரை இந்தியா மட்டுமின்றிப் பாகிஸ்தானும் ஆப்கானிஸ்தானும் கேட்டிருக்கின்றன. நைஜீரியாவில் 2023இல் வெளியான குடியரசுத் தலைவர் அறிவிப்பு, மீண்டு வரும் பெனின் பொருள்கள் ஒபாவுக்கே உரியவை என்றதும், சில ஐரோப்பிய நிறுவனங்கள் தயங்கின. இந்தப் போட்டிகள் உண்மையானவை. ஆனால் பொருளை வைத்திருப்பவருக்கு அவை உரிமை தந்துவிடுவதில்லை என்பது என் கருத்து.

பாதுகாப்பு, உலகப் பொதுச்சொத்து என்னும் வாதங்களைக் கடைசியில் எடுத்துக்கொள்ளுங்கள். பொருள் எப்படி வந்தது என்பதற்கு இவை விடை ஆகமாட்டா. வேண்டுமானால் எப்போது, எந்த ஏற்பாட்டோடு தருவது என்பதைத் தீர்மானிக்க உதவும். தவிர, தன் சேகரிப்பிலிருந்து சுமார் 2,000 பொருள்கள் காணாமலோ திருடப்பட்டோ சேதமுற்றோ போனதை 2023இல் ஒப்புக்கொண்ட பிரிட்டிஷ் அருங்காட்சியகம் பாதுகாப்பைப் பற்றிப் பிறருக்குப் பாடம் எடுப்பது எடுபடாது.

இறுதியாக, ‘திரும்பியது’ என்ற செய்தி வந்தால் அதன் நிபந்தனைகளைப் படியுங்கள். 2024இல் லண்டனிலிருந்து கானாவின் குமாசி நகருக்குச் சென்ற அசாந்தே அரசின் பொன் அணிகள் மூன்றாண்டு இரவலில் சென்றவை. உரிமை லண்டனில்தான் இருக்கிறது. பெர்லினோ 2022இல் பெனின் பொருள்கள் ஐந்நூறுக்கும் மேற்பட்டவற்றின் உரிமையை நைஜீரியாவுக்கு மாற்றிவிட்டு, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத் தானே இரவலாகப் பெற்று வைத்திருக்கிறது. கோரிக்கையை எழுதும்போது உரிமை, இருப்பிடம் இரண்டையும் தனித்தனிப் பத்திகளாகக் கேளுங்கள். சேர்த்துக் கேட்டால் இரவலைக் கொடுத்துவிட்டு முழுக் கோரிக்கையும் தீர்ந்தது என்று கோப்பை மூடிவிடுவார்கள்.