பனியில் கிடந்த பழைய மேசை ஃபேனை ஓடவைப்பது எப்படி?

ஹட்டனில் ஒரு பழைய இரும்புக் கடையில் பித்தளை இறக்கை வைத்த ஜி.ஈ.சி. மேசை ஃபேன் கிடைத்தது. ஏதோ தோட்டத்து பங்களாவில் கிடந்ததாம். இந்தக் குளிரில் யார் அதை ஓட்டியிருப்பார்கள்? புஷ், அதாவது தண்டு சுழலும் உலோக வளையம், தேயவே இல்லை. ஆனால் வருடக்கணக்காக ஈரம் குடித்திருந்தது. மலையகத்தில் என் கைக்கு வந்த ஃபேன்கள் எல்லாவற்றுக்கும் இதே நோய்தான்.

முதலில் பெயர்த்தகட்டைப் படியுங்கள். ஏ.சி., 220 அல்லது 230 வோல்ட், 50 சைக்கிள் என்றிருந்தால் சரி. 110 என்றிருந்தால் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்போமர் வேண்டும்.

கழற்றும்போது ஒவ்வொரு கட்டத்தையும் போனில் படம் எடுங்கள். இறக்கையின் மேல் எதையும் வைக்காதீர்கள். ஒன்று லேசாக வளைந்தாலும் ஓடும்போது தலை நடுங்கும்.

துணி சுற்றிய பழைய வயரை மோட்டர் வரைக்கும் மாற்றிவிடுங்கள். உள்ளே றப்பர் காய்ந்து பொடியாக உதிரும். தலை திரும்பும் இடத்தில் அது அதிகம் வெடித்திருக்கும். மூன்று கம்பி வயர் போட்டு, எர்த் கம்பியை இரும்பு உடம்பில் திருகாணி போட்டு இறுக்குங்கள்.

இனி, நான் மாட்டிக்கொண்ட இடம். மல்டிமீற்றரில் பார்த்தேன், கசிவு எதுவும் காட்டவில்லை. ப்ளக்கில் போட்டதும் ட்ரிப் சுவிட்ச் விழுந்தது. மூன்று தடவையும் அப்படியே. மல்டிமீற்றர் சில வோல்ட்டில்தான் சோதிக்கும். பருத்தி நூல் சுற்றிய சுருளில் ஊறிய ஈரம் 230 வோல்ட்டில்தான் கசியும். மோட்டர் சுற்றும் கடையில் 500 வோல்ட் மெகர் (கூடிய வோல்ட்டில் கசிவைச் சோதிக்கும் கருவி) வைத்துப் பார்த்தபோது மிகக் குறைவாகத்தான் காட்டியது. 1 மெகா ஓமுக்குக் கீழே இருந்தால் மின்சாரம் கொடுக்கவே கூடாது.

பழைய தேயிலைப் பெட்டி ஒன்றுக்குள் மோட்டரை வைத்து, மரத்திலும் மோட்டரிலும் படாதபடி 60 வாட் குண்டு பல்பைத் தொங்கவிட்டேன். ஈரம் வெளியேற மேலே நாலு துளை. ஆள் இருக்கும் நேரத்தில் மட்டும் எரியவிட்டு நாலு நாள் காய வைத்தேன். மெகர் 8 மெகா ஓம் காட்டியது. எல்.ஈ.டி. பல்பு அவ்வளவு சூடாகாது, அது உதவாது. அடுப்புக்குப் பக்கத்திலும் வைக்காதீர்கள், புகைக்கரி சுருளுக்குள் போய்விடும்.

புஷ்ஷில் இறுகிய எண்ணெயை மண்ணெண்ணெயால் கழுவிக் காயவிட்டு, உள்ளே இருக்கும் ஃபெல்ட் திரியைப் புது எண்ணெயில் ஊறவிடுங்கள். தையல் மெஷின் எண்ணெய் இதற்கு மெல்லியது. டிடர்ஜென்ட் சேராத 20 நம்பர் (SAE 20) எண்ணெயையே நான் விரும்புகிறேன்.

முதல் ஓட்டத்தில் 100 வாட் குண்டு பல்பை சீரீஸில், அதாவது மின்சாரம் பல்பு வழியாகவே ஃபேனுக்குப் போகும்படி, போடுங்கள். பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தால் ஷோர்ட், உடனே நிறுத்துங்கள். மங்கலாக எரிந்து ஃபேன் மெதுவாகச் சுற்றினால் நல்லது.

பிறகு சேர்த்தது: பதுளையில் இருந்து ஒரு அண்ணன் தன் ஃபேனில் கார்பன் பிரஷ் இருப்பதாக எழுதியிருந்தார். பிரஷ் இருந்தால் அது டி.சி. ஃபேனாக இருக்கலாம். தகட்டில் டி.சி. மட்டும் இருந்தால் ஏ.சி. வரும் வீட்டு ப்ளக்கில் போடவே வேண்டாம், அண்ணா. இன்னொரு தங்கை பெயின்ட் பற்றிக் கேட்டிருந்தார். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். உலர வைத்துத் தேய்க்காதீர்கள், தண்ணீர் தொட்டு, முகத்தை மூடிக்கொண்டு தேயுங்கள். மோட்டரை மாட்டும் முன்பே அந்த வேலையை முடித்துவிடுங்கள், இல்லையென்றால் மறுபடியும் தேயிலைப் பெட்டிதான்.