குளக்கட்டில் ஏறமுன் லோவுக்கு மாற்றுங்கள்

பழைய மசி பேர்கசன் 35, 135 உழவு மெசினில் நெல் மூட்டை ஏற்றிய பெட்டியோடு குளக்கட்டில் ஏறி இறங்குவதென்றால், அடியிலேயே நிறுத்தி, ஹை-லோ லீவரை லோவில் போட்டுவிட்டு வெளிக்கிடுங்கள். ஹை ஒன்றாம் கியரில் கிளச்சை அரைவாசி மிதித்து ஊர்ந்தால் பிளேட்தான் தேயும். லோ மூன்றாம் கியர்கூட ஹை ஒன்றைவிட மெதுவானது. கனபேருக்கு இது தெரியாது.

கியர்பெட்டிக்குப் பின்னால் ஒரு பிளனட்டரி பற்சக்கர செட் இருக்கிறது. லோவில் நடுச்சக்கரம் சுற்ற, அசையாத வெளிவளையத்தின் பற்களில் சின்னச் சக்கரங்கள் உருளும். அவற்றைத் தாங்கும் சட்டம் நாலில் ஒரு பங்கு வேகத்தில்தான் திரும்பும். வேகம் குறைகிற அளவுக்கு இழுவை கூடும், இறக்கத்தில் எஞ்சினே வண்டியைப் பிடிக்கும். மண்ணைக் கிண்டும் ரொட்டவேற்றர் அடிக்கும்போதும் இது உதவும்: எஞ்சின் வேகத்தைக் குறைக்காமலே வண்டி மெதுவாகும், கத்தியின் சுற்றுக் குறையாது.

ஓடிக்கொண்டிருக்கும்போது மாற்றவேண்டாம், பல் உடையும். ஏற்றத்தின் நடுவில் மாற்றப் பார்ப்பது அதைவிட ஆபத்து, நியூற்றலில் பெட்டி பின்னுக்கு இழுத்துவிடும்.

இரணைமடு வாய்க்கால் வயல்களைப்போல ஆழச் சேற்றில் புதைந்த வண்டிக்கு லோ சரிவராது. சில்லு இன்னும் கீழே தோண்டும், அக்சிலுக்கும் கேடு. ஓடும்போதே ஒவ்வொரு கியரிலும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் மல்டிபவர் உள்ள 135 என்றால் இறக்கத்தில் மல்டிபவரை ஹையிலேயே வைத்திருங்கள். மல்டிபவர் லோவில் இருந்தால் எஞ்சின் பிடிக்காது, வண்டி தன்பாட்டில் உருளும்.