ஊர்ச் சாப்பாடும் நெஞ்செரிச்சலும்: கடலூர், புதுச்சேரி போகிறவர்களுக்கு

போன முறை பாரிஸிலிருந்து வந்து சென்னையில் இறங்கி, ஈ.சி.ஆர். என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகக் கடலூர் முதுநகர் போய்ச் சேர இரவு ஒன்பதரை ஆகிவிட்டது. சித்தி நண்டுக் குழம்பும் சுறாப் புட்டும் செய்து வைத்திருந்தார். "பாரிஸ்ல இதெல்லாம் எங்க கிடைக்கும், இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ" என்று மூன்றாவது முறை கரண்டி வந்தபோதும் நான் இலையை மறைக்கவில்லை. பத்தரைக்குப் பாயில் சாய்ந்தேன். ஒரு மணிக்குத் தொண்டைவரை புளித்த தண்ணீர். சித்தி பதறிப்போய்ப் பால் காய்ச்சிக் கொடுத்தார். அரை மணி நேரம் அடங்கியது, அப்புறம் மறுபடியும் எரிந்தது. பால் அப்படித்தான்: குடித்தவுடன் இதம், பின்னாலேயே வயிற்றை இன்னும் அமிலம் சுரக்க வைக்கும்.

ஊர்க் காரம் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டில் முடிவு கட்டினார்கள். அதே குழம்பை மறுநாள் மதியம் சாப்பிட்டேன், ஒன்றும் ஆகவில்லை. உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் ஒரு தசை வளையம் இருக்கிறது. வயிறு முட்ட உண்டுவிட்டு உடனே படுத்தால், அது தளரும்போதெல்லாம் அமிலம் மேலே ஏறும். எண்ணெய்ப் பதார்த்தம் என்றால் இரைப்பை காலியாகவே நேரம் எடுக்கும். காரம் சிலருக்குத் தூண்டும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஊரில் நம்மை வதைப்பது பெரும்பாலும் இரவுச் சாப்பாட்டு நேரம்தான்.

அதனால் விருந்தை மதியத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். இரவு இரண்டு இட்லியோ இடியாப்பமோ போதும், படுக்க மூன்று மணி நேரம் முன்பே. இடையில் மெதுவாக நடங்கள். புதுச்சேரியில் தங்கினால் கடற்கரைச் சாலைக்கு மாலையில் வண்டிகளை விடமாட்டார்கள், பயமில்லாமல் நடக்கலாம். கடலூரில் தேவனாம்பட்டினம் கடற்கரை இருக்கிறது. புதுச்சேரியில் பாட்டில் விலையைப் பார்த்து மகிழ்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: மதுவும் அந்தத் தசை வளையத்தைத் தளர்த்தும்.

படுக்கைக்கு வருவோம். தலையணையை அடுக்கினால் கழுத்துதான் மடங்கும், வயிறும் சேர்ந்து அழுந்தும். கட்டிலின் தலைமாட்டுக் கால்கள் இரண்டுக்கும் கீழே செங்கல் வையுங்கள். நம் ஊர்ச் செங்கல் மூன்று அங்குல உயரம், காலுக்கு இரண்டு அடுக்கினால் ஏறக்குறைய 15 சென்டிமீட்டர். அவ்வளவுதான் வேண்டும். ஆடாமல் நிற்கிறதா என்று ஒரு தடவை உட்கார்ந்து பாருங்கள். பாயில் படுப்பதென்றால் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுங்கள். வலப்பக்கம் திரும்பினால் எதுக்களிப்பு கூடும்.

கைவைத்தியத்தில் எனக்குப் பிடித்தது சீரகத் தண்ணீர். அரை லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சீரகம் போட்டு, நன்றாகக் கொதிக்கவிட்டு, ஆறவைத்து நாள் முழுக்கக் குடிப்பேன். சீரகம் அமிலத்தை அடக்கும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் கொதித்த தண்ணீர் கையில் இருப்பதே பயணிக்குப் பெரிய லாபம். புளிக்காத நீர்மோர் நல்லது, பச்சை மிளகாய் வேண்டாம். காலையில் பழைய சோறு கொடுத்தால் சாப்பிடுங்கள், கூட வைக்கும் சின்ன வெங்காயத்தை மட்டும் தொடாதீர்கள். பச்சை வெங்காயம் பலருக்கு எரிச்சலைக் கிளப்பும். புதினாவும் அப்படியே, குளிர்ச்சி என்று நம்பி மெல்லாதீர்கள். அதிமதுரம் இரத்த அழுத்தத்தைக் கூட்டக்கூடியது, அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஆகாது.

மருந்துக்கடையில் அமிலத்தை முறிக்கும் ஜெலுசில், ஈனோ, அமிலச் சுரப்பைக் குறைக்கும் பான் 40 மாத்திரை எல்லாம் தாராளமாகக் கிடைக்கும். ஈனோவில் சோடியம் அதிகம், இரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்கள் தவிர்க்கலாம். பான் 40 உடனே எரிச்சலை அணைக்காது. காலை உணவுக்கு அரை மணி நேரம் முன்பு வெறும் வயிற்றில் போடவேண்டியது. தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஜெலுசிலை நான்கு மணி நேரமாவது தள்ளி வையுங்கள். பயண மூட்டுவலிக்குக் கடைக்காரர் தரும் வலி மாத்திரையே எரிச்சலுக்குக் காரணமாக இருக்கலாம், என்ன மாத்திரை என்று கேளுங்கள்.

நம் ஊரில் மார்பு வலித்தால் "கேஸ்தான், ஓமத்தண்ணி குடி" என்பார்கள். மார்பை அழுத்துகிற வலி, இடக்கையிலோ தாடையிலோ பரவினால், கூடவே வியர்த்தால், மூச்சு வாங்கினால், ஓமத்தை விட்டுவிட்டு 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். கறுப்பாக மலம் போவது, இரத்த வாந்தி இரண்டும் அதேபோல் அவசரம். விழுங்கும்போது சிக்குவது, காரணமில்லாமல் எடை குறைவது என்றால் பாரிஸ் திரும்பும்வரை காத்திருக்காமல் அங்கேயே மருத்துவரைப் பாருங்கள்.

சித்திக்கு இப்போது டிக்கெட் போட்டவுடனே போன் செய்துவிடுகிறேன்: "நண்டு மறுநாள் மதியத்துக்கு. அன்னிக்கு ராத்திரி ரெண்டு இட்லி. அப்புறம் கொல்லையிலிருந்து நாலு செங்கல் எடுத்து வைங்க."