ஊட்டி ரேஸ் பார்த்துப் பழகியவர்களுக்கு ஸ்டீபிள்சேஸ் ஹாண்டிகேப்: அட்டையைப் படிப்பது, விலையைக் கணக்கிடுவது

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை. இங்கிலாந்தில் மாலை 4 மணி ஆகும்போது ஊட்டியில் இரவு 8.30. லிவர்பூல் அருகே எய்ன்ட்ரீ மைதானத்தில் 34 குதிரைகள் கிராண்ட் நேஷனலுக்கு வரிசைகட்டி நிற்கும். பஸ் ஸ்டாண்டை ஒட்டிய நம் ரேஸ் மைதானத்தில் வருஷா வருஷம் சீசனுக்கு நின்று பழகியவர்களுக்கு இந்தப் பந்தயத்தின் அட்டை (ஓடும் குதிரைகளின் விவரப் பட்டியல்) பாதி புரியும், பாதி புரியாது. புரிகிற பாதி ஹாண்டிகேப், அதாவது நல்ல குதிரைக்கு அதிக எடை ஏற்றிச் சமப்படுத்துவது. புரியாத பாதி வேலி: இது ஸ்டீபிள்சேஸ், அதாவது வேலி தாண்டி ஓடும் பந்தயம்.

ஒரு விஷயத்தை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நம் ஊரில் இருந்துகொண்டு வெளிநாட்டு இணையத் தளத்தில் பணம் கட்டாதீர்கள். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்யும் மத்தியச் சட்டம் 2025இல் வந்துவிட்டது. கீழே சொல்வதை நோட்டுப் புத்தகத்தில் போட்டுப் பழகுங்கள். அந்தக் கணக்கு கைவந்தால் கூடலூர் வழியாக மைசூர் ரேஸுக்குப் போகும் நாளிலும் உதவும்.

எடையில் ஆரம்பிப்போம், நமக்குப் பழகியது அதுதான். நம் ஊர் ரேட்டிங்கில் (குதிரையின் திறனுக்குத் தரும் எண்) ஒரு புள்ளி என்றால் அரை கிலோ. பிரிட்டனில் ஒரு புள்ளி என்றால் ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம். ஆக, புள்ளி வித்தியாசத்தின் அர்த்தம் கிட்டத்தட்ட ஒன்றே. மாறுவது சுமையின் அளவு. நம் பக்கம் மேல் எடை 60 கிலோவை ஒட்டி நிற்கும். நேஷனலில் அது 11 ஸ்டோன் 12 பவுண்டு, அதாவது 75 கிலோவுக்குச் சற்று மேல். (ஒரு ஸ்டோன் 14 பவுண்டு.) அதைச் சுமந்துகொண்டு சுமார் 6.9 கிலோமீட்டர் ஓடி, 30 வேலி தாண்ட வேண்டும். ஒன்பது நிமிடத்துக்கு மேல் ஆகும். 1200 மீட்டர் ஸ்பிரிண்ட் பார்த்த கண்ணோடு இதைப் பார்த்தால் கணக்கு தப்பும்.

எடைக் கணக்கை இப்படிப் போடுங்கள். மூன்று மைல் வேலிப் பந்தயத்தில் ஒரு குதிரை நீளம் ஏறக்குறைய ஒரு பவுண்டுக்குச் சமம் என்று வைத்துக்கொள்வது வழக்கம். போன பந்தயத்தில் ‘அ’ குதிரையின் ரேட்டிங் 138, ‘ஆ’ குதிரையுடையது 135. ‘அ’ மூன்று பவுண்டு கூடுதலாகச் சுமந்தும் ஐந்து நீளத்தில் ஜெயித்தது. அப்படியானால் ‘அ’ எட்டு பவுண்டு மேலான குதிரை. அதற்குப் பிறகு ஹாண்டிகேப்பர் (ரேட்டிங் தருகிறவர்) ‘அ’வை 145க்கு ஏற்றினார், ‘ஆ’வை 135லேயே விட்டார். இப்போது வித்தியாசம் பத்து பவுண்டு. காகிதத்தில் ‘ஆ’ இரண்டு நீளம் முன்னால்.

இதோடு நோட்டை மூடிவிட்டால் ஏமாந்தோம். அந்த ஐந்து நீளம் எப்படி வந்தது என்று வீடியோவைப் பாருங்கள். ‘அ’வின் ஜாக்கி கடைசி நூறு மீட்டரில் கடிவாளத்தைத் தளர்த்தி, காதுகள் முன்னால் நிமிர்ந்திருக்கக் கொண்டுவந்திருந்தால் உண்மையான வித்தியாசம் பத்தாகவே இருக்கலாம். அதற்கு மாறாக, ‘ஆ’ கடைசிக்கு முந்தைய வேலியில் மூக்கு தரையில் முட்டும் அளவுக்குத் தடுமாறி, மறுபடி வேகம் பிடித்து வந்திருந்தால் ஐந்தில் மூன்று நீளம் அங்கேயே போனது. ரேட்டிங் தருகிறவரும் அதே வீடியோவைத்தான் பார்க்கிறார். ஆனால் அவர் நடந்ததை வைத்துத்தான் எண் போட முடியும். குதிரை இன்று எப்படி மாறியிருக்கிறது என்பது நம் வேலை.

பிரிட்டனில் ரேட்டிங் செவ்வாய்க்கிழமைதோறும் புதுப்பிக்கப்படும். நேஷனலின் எடைகளோ பிப்ரவரியிலேயே அறிவிக்கப்படும். இந்த இடைவெளியில் நன்றாக ஓடி ரேட்டிங் ஏறிய குதிரை, பழைய எடையிலேயே வந்தால் சில பவுண்டு லாபத்தோடு நிற்கிறது என்று பொருள். அட்டையில் முதலில் தேட வேண்டியது இதைத்தான். இதற்கு நேர் எதிரான நிலை, ரேட்டிங்குக்கு உரிய எடை பந்தயத்தின் கீழ் எல்லைக்கும் குறைவாக இருந்து, தன் தகுதிக்கு மேல் சுமக்கும் குதிரை. அதில் ஆறேழு பவுண்டு அதிகமென்றால் நான் அடித்துவிடுவேன். நேஷனலில் இது அபூர்வம். அங்கே இப்போது 130 ரேட்டிங்குக்குக் கீழே உள்ள குதிரைக்கு அனுமதி இல்லை. சின்ன மைதானங்களில் அடிக்கடி பார்க்கலாம்.

எடை கடைசியில் எப்படிக் கடிக்கும் என்பதற்கு 1973 நேஷனலைப் பார்த்தால் போதும். கிரிஸ்ப் 12 ஸ்டோன் சுமந்தது. ரெட் ரம் அதைவிட 23 பவுண்டு குறைவு, பத்து கிலோவுக்கு மேல் வித்தியாசம். கடைசி வேலியைத் தாண்டும்போதுகூட கிரிஸ்ப் வெகு தூரம் முன்னால் இருந்தது. அங்கிருந்து முடிவுக்கோட்டுக்கு சுமார் 450 மீட்டர். அந்தத் தூரத்தில் கிரிஸ்ப் நேராக ஓட முடியாமல் ஒரு பக்கமாகச் சாய்வதையும், கால் தூக்கி வைப்பது தளர்வதையும் வீடியோவில் தெளிவாகக் காணலாம். முக்கால் நீளத்தில் ரெட் ரம் ஜெயித்தது. எடை வேலியில் தெரியாது, கடைசி இரண்டு பர்லாங்கில் தெரியும். அதனால் நீண்ட பந்தயத்தில் மேல் எடைக் குதிரையை எடைக்காக மட்டும் ஒதுக்காதீர்கள், ஸ்டாமினா நிரூபிக்கப்படாத மேல் எடைக் குதிரையை ஒதுக்குங்கள். 2025இல் ஜெயித்த நிக் ராக்கெட் 11 ஸ்டோன் 8 பவுண்டு சுமந்தது, விலை 33க்கு 1 (1 கட்டியிருந்தால் 33 லாபம்).

இனி வேலி. ஸ்டீபிள்சேஸ் வேலி குறைந்தது நாலரை அடி உயரம். எய்ன்ட்ரீயில் 16 வேலிகள். 14ஐ இரண்டு முறை தாண்ட வேண்டும். தி சேர் என்ற வேலி 5 அடி 2 அங்குலம். பீச்சர்ஸ் புரூக்கில் இறங்கும் பக்கம் தரை தாழ்ந்திருக்கும். கெனால் டர்னில் தாண்டிய உடனே 90 டிகிரி திரும்ப வேண்டும்.

வேலியைக் குதிரை எப்படித் தாண்டுகிறது என்பதை அட்டையில் உள்ள எழுத்துகள் சொல்லும். எஃப் என்றால் விழுந்தது. யூ என்றால் ஜாக்கி விழுந்தார், குதிரை விழவில்லை. பி (P) என்றால் ஜாக்கி நடுவில் நிறுத்திவிட்டார். ஆர் என்றால் தாண்ட மறுத்தது. பிடி (BD) அல்லது பி (B) என்றால் வேறு குதிரை விழுந்ததில் இதுவும் சாய்ந்தது. புதிதாகப் பார்ப்பவர்கள் இவை எல்லாவற்றையும் ஒரே கெட்ட மதிப்பெண்ணாக எடுத்துக்கொள்வார்கள். அது பெரிய பிழை. சாய்க்கப்பட்ட குதிரையின் மேல் குற்றமே இல்லை. 1967இல் 23ஆம் வேலியில் ஜாக்கி இல்லாத ஒரு குதிரை குறுக்கே ஓட, கூட்டமே முட்டி நின்றது. பின்னால் வந்த ஃபோய்நாவன் 100க்கு 1 விலையில் ஜெயித்தது. அந்த வேலிக்கு இன்றும் அதன் பெயர்தான்.

விழுந்தது என்று இருந்தால் எந்த வேலியில் என்று பாருங்கள். முதல் வேலியில், வேகமாகப் போய் விழுந்தது கவனக்குறைவு, திருந்தலாம். கடைசி மூன்று வேலியில், களைத்துப் போய் விழுந்தது ஸ்டாமினா குறை. இன்னும் நீளமான பந்தயத்தில் அது திருந்தாது. நிறுத்தியது அடுத்தடுத்து இரண்டு முறை வந்தால் உடம்பில் ஏதோ இருக்கிறது. பெரும்பாலும் மூச்சு அல்லது முதுகு. மறுத்தது என்று ஒரு முறை இருந்தாலும் என் நோட்டில் அந்தக் குதிரைக்குக் கோடு. மனசு ஒப்பாத குதிரையை யாரும் தாண்டவைக்க முடியாது.

மூச்சைப் பற்றிக் கொஞ்சம். சமவெளியிலிருந்து 2,200 மீட்டர் உயரத்துக்கு ஏறி வந்த குதிரைகளைப் பார்த்த ஊட்டிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. குதிரை மூக்கால் மட்டுமே சுவாசிக்கும். தொண்டையில் சின்ன அடைப்பு இருந்தாலும் ஐந்தாவது நிமிடத்தில் தெரிந்துவிடும். அதற்கான அறுவைச் சிகிச்சைக்குப் பின் முதல் ஓட்டம் என்றால் 2018 முதல் பிரிட்டனில் அட்டையிலேயே குறிப்பார்கள். நல்ல குதிரை ஒன்று திடீரென மங்கியிருந்து இந்தக் குறியோடு வந்தால் உற்றுப் பாருங்கள். சந்தை பலமுறை இதை மலிவாகவே விடுகிறது.

தரையின் ஈரம் அடுத்தது. ஒரே பிற்பகலில் கோடை மழை இறங்கி, முதல் ரேஸுக்கும் கடைசி ரேஸுக்கும் மைதானமே மாறுவதை இங்கே பார்த்திருக்கிறோம். அங்கே சேறான தரை ஸ்டாமினாவைச் சோதிக்கும், இறுகிய தரை வேகத்தைக் கேட்கும். நேற்றைய அறிவிப்பை நம்பாமல் அன்று காலை அறிவிப்பைப் பாருங்கள். ஜாக்கி, கண்பட்டி, நாக்குக் கட்டு எல்லாம் இதற்குப் பிறகுதான். முதல் முறையாகக் கண்பட்டி போட்டால் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். வயதில் 7க்குக் கீழே நேஷனலுக்கு வரவே முடியாது. 2022இல் நோபல் யேட்ஸ் ஜெயித்தபோது 1940க்குப் பிறகு ஜெயித்த முதல் 7 வயதுக் குதிரை அது.

இப்படி அடித்தது போக 34இல் எட்டோ பத்தோ மிஞ்சும். விலைக்கு வாருங்கள், ஆனால் சந்தை விலையைப் பார்க்கும் முன் உங்கள் விலையை எழுதுங்கள். வரிசை மாறினால் மனசு பேவரைட்டின் பின்னாலேயே போகும். ஒவ்வொரு குதிரைக்கும் வாய்ப்பை விழுக்காட்டில் போடுங்கள். கழித்த குதிரைகளுக்கும் சேர்த்து ஒரு தொகை ஒதுக்குங்கள், 25 என்று வையுங்கள். எல்லாம் கூட்டினால் சரியாக 100 வரவேண்டும். முதல் முறை போடுகிறவர்களுக்கு 140, 150 வரும். பிடித்த குதிரைகளுக்கெல்லாம் தாராளமாகக் கொடுத்ததுதான் காரணம், குறைத்துப் போடுங்கள்.

பின்பு சந்தை விலையை விழுக்காடாக்குங்கள். 7க்கு 1 என்றால் 1ஐ 8ஆல் வகுக்க 12.5. 20க்கு 1 என்றால் 1ஐ 21ஆல் வகுக்க சுமார் 4.8. இதே கூட்டல் சந்தையில் 100ஐத் தாண்டும். தாண்டியது புக்கியின் பங்கு. நீங்கள் 7 விழுக்காடு தந்த குதிரை 20க்கு 1இல் கிடைத்தால் அது எடுக்க வேண்டிய விலை. நீங்கள் 12 தந்த பேவரைட் 5க்கு 1 என்றால் சந்தை அதற்கு 16.7 கேட்கிறது, எவ்வளவு நல்ல குதிரையாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். எட்டு குதிரை நன்றாகத் தெரிந்தும் ஒன்றுமே விலைக்கு வராத நாள்கள் உண்டு. அன்று வெறுமனே பார்ப்பதுதான் சரியான முடிவு.

ஈச்-வே என்பது வின்னும் (முதலிடம்) பிளேஸும் (முன்னணி இடங்களில் ஒன்று) சம பாதியாகக் கட்டுவது. 16 குதிரையோ அதற்கு மேலோ ஓடும் ஹாண்டிகேப்பில் வழக்கமாக முதல் நான்கு இடத்துக்குக் கால் பங்கு விலை. 20க்கு 1 குதிரையில் 10 புள்ளி வின், 10 புள்ளி பிளேஸ் போட்டு, மூன்றாவதாக வந்தால் வின் பாதி போகும், பிளேஸில் 5க்கு 1, 60 திரும்பும், நிகரம் 40. விழும் அபாயம் அதிகமுள்ள, ஆனால் நிற்குமானால் கடைசிவரை ஓடும் குதிரைக்கு இது பொருந்தாது. நிதானமாகத் தாண்டி, வேகம் கொஞ்சம் குறைந்த குதிரைக்குத்தான் பொருந்தும்.

நம் நாட்டு மைதானத்தில் இந்தக் கணக்கை அப்படியே வைக்க முடியாது. 2025 செப்டம்பர் 22 முதல் பந்தயத் தொகையின் முழு மதிப்பின் மேல் 40 விழுக்காடு ஜிஎஸ்டி. 100 ரூபாய்க்கு மேல் 40ஐயும் நீங்கள் கட்டுவதாக வையுங்கள். 3க்கு 1 குதிரை ஜெயித்தால் 400 கிடைக்கும், கையிலிருந்து போனது 140. வரி இல்லாமல் 25 விழுக்காடு வாய்ப்பு போதுமாக இருந்த இடத்தில் இப்போது 35 வேண்டும். அந்தப் பத்து விழுக்காட்டை எடைக் கணக்கு மட்டும் ஈடுகட்டாது. பத்தாயிரத்துக்கு மேல் ஜெயித்தால் 30 விழுக்காடு வருமான வரிப் பிடித்தமும் உண்டு.

ரேஸ் முடிந்த அன்றிரவே ஜெயித்த குதிரையை விட்டுவிட்டு, ஐந்தாவதிலிருந்து பத்தாவது வரை வந்தவற்றை மறுபடி பாருங்கள். எந்த வேலியில் தவறியது, எந்த இடத்தில் வழி அடைபட்டது, கடைசி வேலிக்குப் பின் வேகம் ஏறியதா இறங்கியதா என்று குதிரைக்கு ஒரு வரி எழுதுங்கள். அவற்றில் பலவும் அடுத்த நவம்பரில் ஒன்றிரண்டு பவுண்டு இறங்கிய ரேட்டிங்கோடு வரும், அப்போது அந்த ஒரு வரி அட்டையில் இருக்காது.