பொருட்காட்சித் திடல் மனிதர்களின் வரலாற்றை எழுதி வைப்பது எப்படி?

பாளையங்கோட்டையில் எங்களுக்கு ஒரு சிறிய அச்சகம் இருக்கிறது. சர்க்கஸ், மேஜிக் ஷோ, மரணக் கிணறு, ராட்டினம் என்று திருநெல்வேலிச் சீமைக்குள் வந்து கூடாரம் போட்ட பலருக்கும் அப்பா காலத்திலிருந்தே பிட் நோட்டீஸும் டிக்கெட் புத்தகமும் அடித்துக் கொடுத்து வருகிறோம். ஆனித் தேரோட்டத்தை ஒட்டிப் பொருட்காட்சி தொடங்கினால், ராட்டினத்தில் ஏறிப் படம் எடுக்கிறவர்கள் ஏராளம். அந்த ராட்டினத்தை இழுத்துக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றும் குடும்பத்தின் கதையைக் கேட்கிறவர்கள் மிகக் குறைவு. கேட்க விரும்பும் இளைஞர்களுக்காக, எனக்குத் தெரிந்த வழிமுறைகளை எழுதுகிறேன்.

இது ஆகக்கூடிய காரியம்தான் என்பதற்கு பிரிட்டன் சாட்சி. அங்கே 1880களில், வண்டி வீடுகளில் வாழ்பவர்களைக் கட்டுப்படுத்த ஜார்ஜ் ஸ்மித் என்பவர் ஒரு மசோதாவுக்காகப் பாடுபட்டார். தங்கள் பிழைப்பே போய்விடும் என்று பயந்த பொருட்காட்சிக்காரர்கள் 1889 இல் சங்கம் கட்டினார்கள். இன்று ஷோமென்ஸ் கில்ட் என்று அறியப்படும் அமைப்பு அதிலிருந்து வளர்ந்ததுதான். 1904 முதல் அவர்கள் தொழிலுக்கென்றே ‘வேர்ல்ட்ஸ் ஃபேர்’ என்ற பத்திரிகை வந்தது. 1994 இல் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் அவர்களுக்கென்று ஒரு காப்பகமும் அமைந்தது. அதை உருவாக்கிய வனெஸ்ஸா டூல்மின் பொருட்காட்சிக் குடும்பத்தில் பிறந்தவர். காகிதத்தைச் சேர்த்து வைத்தவர்களும் அதற்கு மதிப்பு உண்டு என்று முதலில் சொன்னவர்களும் அந்த மக்களே. நம் ஊரில் அப்படி ஒரு சங்கமோ பத்திரிகையோ என் கண்ணில் பட்டதில்லை. அதனால் பேச்சையும் காகிதத்தையும் சேர்த்தே தேட வேண்டியிருக்கிறது.

முதலில், போகும் நேரம். மாலையில் போகவே கூடாது. அது அவர்கள் சம்பாதிக்கும் நேரம். கூடாரம் ஏற்றும் நாளும் பிரிக்கும் இரவும் ஆகாது. காலை பத்து, பதினொரு மணி வாக்கில் கிரீஸ் போட்டு முடித்து, சோறு வேகும் நேரம் நல்லது. மழை பெய்து ஆட்டம் நின்ற நாள் என்றால் மனம் விட்டுப் பேசுவார்கள். ஆனால் அன்றைய வருமானம் போன கவலையும் இருக்கும். அதைப் பார்த்துப் பேச வேண்டும். “அண்ணாச்சி, இந்த ராட்டினம் எத்தனை லாரி லோடு வரும்?” என்று தொழிலில் தொடங்குங்கள். எந்த ஊர், என்ன ஆட்கள் என்று தொடங்கினால் அங்கேயே கதவு மூடிவிடும். கேட்டு, சம்மதம் வாங்கி, அதற்குப் பிறகுதான் கைப்பேசியில் ஒலிப்பதிவை அழுத்த வேண்டும்.

ஆண்டைக் கேட்காதீர்கள். “எந்த வருடம் இங்கே வந்தீர்கள்?” என்றால் வாய்க்கு வந்ததைச் சொல்வார்கள். “எம்.ஜி.ஆர். இறந்தபோது எந்த ஊரில் கூடாரம்?” என்று கேட்டால் 1987 டிசம்பர் கையில் கிடைத்துவிடும். தாமிரபரணி வெள்ளம் என்றால் 1992 நவம்பரா, 2023 டிசம்பரா என்று அவர்களே பிரித்துச் சொல்வார்கள்.

அடுத்து, அவர்கள் சுற்றும் வட்டத்தை எழுதுங்கள். இதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். பிரிட்டனில் பிப்ரவரி நடுவில் கிங்ஸ் லின் சந்தையில் ஆண்டு தொடங்கி, அக்டோபரில் நாட்டிங்காம் வாத்துச் சந்தை, ஹல் சந்தை என்று போய், பிறகு குளிர்காலக் கொட்டகையில் வண்டிகள் அடங்கும். நம் பக்கத்துக்கு வட்டம் வேறு. நெல்லையில் ஆனித் தேர், சங்கரன்கோவிலில் ஆடித்தபசு, தூத்துக்குடியில் ஜூலை 26 முதல் ஆகஸ்ட் 5 வரை பனிமய மாதா திருவிழா, பாபநாசத்தில் ஆடி அமாவாசை, புரட்டாசியில் குலசேகரன்பட்டினம் தசரா. ஐப்பசி பிறந்து வடகிழக்கு மழை இறங்கிவிட்டால் எங்கே ஒதுங்குகிறார்கள், சாமான்களை எங்கே போட்டு வைக்கிறார்கள் என்று தவறாமல் கேளுங்கள். ஒவ்வொரு ஊருக்கும் எதிரே ஏலம் எடுத்தது யார், தரை வாடகை எவ்வளவு, மின்சாரம் எங்கிருந்து என்று எழுதிக்கொண்டால் ஒரு குடும்பத்தின் பொருளாதாரமே விளங்கிவிடும்.

பிறகுதான் காகிதம். “ஆவணம் இருக்கிறதா?” என்று கேட்டால் இல்லை என்பார்கள். “டிரங்குப் பெட்டியில் பழைய பில் ஏதும் கிடக்கிறதா?” என்று கேளுங்கள். டிக்கெட் புத்தகத்தின் அடிக்கட்டை, பஞ்சாயத்து அனுமதிக் கடிதம், லாரி வாடகைச் சீட்டு, கூடாரத்தின் முன்னே எல்லோரும் நிற்கும் புகைப்படம் என்று ஒவ்வொன்றாக வரும். தரை வாடகை ரசீதுதான் தங்கம்: ஊர், தேதி, தொகை, பெயர் நான்கும் ஒரே துண்டுத் தாளில் இருக்கும். இங்கிலாந்தின் பிளாக்பர்னில் 1994 இல் ஒரு கடையின் நிலவறையிலிருந்து மூன்று உலோகப் பீப்பாய்கள் நிறையப் பழைய படச்சுருள்கள் வெளியே வந்தன. மிட்செல், கென்யன் என்ற இருவர் 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் எடுத்தவை; ஏறத்தாழ 800 சுருள்கள். ஆலை விட்டு வெளியே வரும் தொழிலாளர்களைப் படம் பிடித்து, பொருட்காட்சிக் கூடாரத்தில் அவர்களுக்கே காட்டிக் காசு வாங்குவது அன்றைய வழக்கம். அதனால் கடைக்காரர் வீட்டுப் பரணையும் விட்டுவிடாதீர்கள்.

இனி என் தொழில் சார்ந்த விஷயம்: தேதியற்ற நோட்டீஸுக்கு ஆண்டு கண்டுபிடிப்பது. பிட் நோட்டீஸில் நாளும் கிழமையும் இருக்கும், ஆண்டு இருக்காது. அடுத்த வாரம் பழைய காகிதமாகப் போவதற்கு ஆண்டு எதற்கு என்று விட்டுவிடுவார்கள். ‘ஜூலை 20 வெள்ளிக்கிழமை முதல்’ என்று ஒரு நோட்டீஸ் கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். ஒரே தேதியும் கிழமையும் 5, 6 அல்லது 11 ஆண்டுகள் இடைவெளியில்தான் மறுபடி சேரும். 1940க்கும் 1975க்கும் இடையில் இந்தச் சேர்க்கை வருவது 1945, 1951, 1956, 1962, 1973 இல். டிக்கெட் விலை நாலணா, எட்டணா என்று இருந்தால் 1957 ஏப்ரலில் நயா பைசா வருவதற்கு முந்தையது என்று கொள்ளலாம். கடைசி இரண்டும் கழிந்தன. முகவரியில் ‘சென்னை ராஜ்யம்’ என்று 1950 இல் வந்த பெயர் இருந்தால் 1945உம் போயிற்று. மிச்சம் இரண்டு. தலைப்பில் தமிழ் வருடம் இருந்தால் கதை முடிந்தது: ‘கர’ என்றால் 1951, ‘துன்முகி’ என்றால் 1956.

வேறு தடயங்களும் உண்டு. பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிறகு. தூத்துக்குடி தனி மாவட்டமாகத் தெரிந்தால் 1986 அக்டோபருக்குப் பிறகு. எழுத்தையும் பாருங்கள். ‘யானை’ என்ற சொல்லில் னகரத்துக்குத் தும்பிக்கை வளைந்திருந்தால் அது 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவம். ஆனால் ஈய எழுத்து வைத்திருந்த அச்சகங்கள் பழையதை உடனே உருக்கிவிடவில்லை. அதை மட்டும் நம்பி ஆண்டு சொல்லாதீர்கள். சர்க்கஸ் நோட்டீஸில் சிங்கம், புலி, கரடி வேலை செய்வதாக இருந்தால், அதைத் தடைசெய்த 1998 அரசு அறிவிக்கையும் அந்தத் தடையை 2001 இல் உறுதிசெய்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் எல்லைக்கல்லாக நிற்கும். நோட்டீஸின் அடியில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயர் இருக்கும். அந்த அச்சகம் இன்னும் இருந்தால் நேரே போய்விடுங்கள். பழைய பிளாக்குகளைத் தூக்கிப் போட மனம் வராத ஆட்கள் நாங்கள்.

சர்க்கஸ் வந்திருந்தால் கூடாரத்துக்குள் ஆட்டம் நடக்கும் வட்டத்தின் அளவைக் கேளுங்கள். 1768 இல் லண்டனில் குதிரைச் சவாரி காட்டத் தொடங்கிய பிலிப் ஆஸ்ட்லி, படைப்பிரிவில் இருந்தவர். வட்டமாக ஓடும் குதிரையின் முதுகில் உள்பக்கம் சாய்ந்தபடி நிற்க ஏற்ற அளவாக அவரிடம் நிலைத்தது 42 அடி விட்டம். அது உலகம் முழுவதும் பரவியது. குதிரை போன பிறகும் அந்த அளவு இங்கே தங்கியிருக்கிறதா என்பது கேட்டு எழுத வேண்டிய செய்தி.

கலைஞர்களின் வேரைத் தேடினால் பாதை பெரும்பாலும் கேரளத்துத் தலச்சேரிக்குத்தான் போகும். கீலேரி குஞ்ஞிக்கண்ணன் 1901 இல் அங்கே சிறக்கரையில் சர்க்கஸ் பள்ளி தொடங்கினார். அந்த ஊர்க் கலைஞரான கண்ணன் பம்பாயோ 1930களில் இங்கிலாந்தின் பெர்ட்ராம் மில்ஸ் சர்க்கஸில் கயிற்றின் மேல் ஆடினார். மேடைப் பெயர், வீட்டுப் பெயர் இரண்டையும் கட்டாயம் எழுதுங்கள். இங்கிலாந்தில் கறுப்பினத்தவரான முதல் சர்க்கஸ் முதலாளி பாப்லோ ஃபாங்க். நாரிச்சில் பிறந்தபோது அவர் பெயர் வில்லியம் டார்பி. ஒரு பெயரை மட்டும் வைத்துத் தேடியிருந்தால் பாதி வாழ்க்கை தொலைந்திருக்கும்.

ஒன்றில் மட்டும் நான் கண்டிப்பாக இருப்பேன். சர்க்கஸில் சிறுவர்களை வேலைக்கு வைப்பதற்கு 2011 இல் உச்ச நீதிமன்றம் முற்றுப்புள்ளி வைத்தது. அதற்கு முன் சிறுபிள்ளையாகக் கூடாரத்துக்கு வந்தவர்கள் இன்று நடுத்தர வயதில் இருக்கிறார்கள். அவர்கள் தாமாகச் சொன்னால் கேளுங்கள், தூண்டிக் கேட்காதீர்கள். பெயரை மறைக்கச் சொன்னால் உங்கள் குறிப்பேட்டிலேயே மறைத்து எழுதுங்கள்.

காகிதங்களை அங்கேயே, பகல் வெளிச்சத்தில், வெள்ளைத் துணி விரித்து இரு பக்கமும் படம் எடுங்கள். அசலைக் கொண்டுவராதீர்கள். அவர்களே கொடுக்க விரும்பினால், பழைய நோட்டீஸ்களையும் பாதுகாக்கும் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். அதுவும் 1994 இல் தொடங்கியதே. எழுதி முடித்ததைத் தாளில் அச்சிட்டு, அடுத்த திருவிழாவில் அவர்களிடம் ஒரு படியைக் கொடுத்துவிடுங்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படுகிறவர் என்றால் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள். அப்போதுதான் “இல்லை தம்பி, அது அம்பாசமுத்திரம் இல்லை, கல்லிடைக்குறிச்சி” என்ற திருத்தமெல்லாம் வரும்.