ரஸ்ஸலை ஃப்ரீமேசன் ஆக்குவதற்கு முன்

யெகோவாவின் சாட்சிகளுக்கு முன்னோடியான பைபிள் மாணாக்கர் இயக்கத்தைத் தொடங்கிய சார்லஸ் டேஸ் ரஸ்ஸல் ஃப்ரீமேசனா, அதாவது ரகசியச் சடங்குகள் கொண்ட சகோதரத்துவ அமைப்பான மேசன்களில் ஒருவரா? இதைப் பற்றி எழுத ஆசைப்படுகிறவர்கள் அடிக்கடி என்னிடம் கட்டுரையைக் காட்டுவார்கள். ஆள் புதிது, தவறு பழையது. பாதி நான் ஆரம்பத்தில் செய்தவைதான். பெயர்ப் பிழை, ஆண்டுப் பிழை எல்லாம் யாரும் திருத்திவிடுவார்கள். மற்றவற்றைச் சொல்கிறேன்.

பிரமிடைப் பார்த்ததும் தீர்ப்பு எழுதுவது

ரஸ்ஸல் 1916-ல் இறந்தார். பிட்ஸ்பர்க்கில் அவர் கல்லறைக்குப் பக்கத்தில், 2021-ல் அகற்றப்படும்வரை, ஒரு கல் பிரமிடு நின்றது. படம் கிடைத்ததும் பலருக்கு ஆராய்ச்சி முடிந்துவிடுகிறது. எகிப்தின் பெரிய பிரமிடை அங்குலக் கணக்கில் அளந்தால் வேத காலக்கணக்கு கிடைக்கும் என்று 1860-களில் எழுதியவர் ஸ்காட்லாந்தின் அரச வானியலாளர் பியாஸி ஸ்மித். ரஸ்ஸல் பிடித்துக்கொண்டது அந்தச் சரடை. ஏசாயா 19:19-ஐக் காட்டி அதை வெளிப்படையாகவே எழுதினார். அதில் ரகசியம் எதுவும் இல்லை. அவருக்குப் பின் இயக்கத் தலைவராக வந்த ரதர்ஃபோர்ட் 1928-ல் அந்தப் போதனையையே தூக்கி எறிந்தார். கல்லறைத் தோட்டத்தை ஒட்டி இருக்கும் மேசன் மண்டபமோ பிற்காலக் கட்டடம்.

சிலுவையும் கிரீடமும்

ரஸ்ஸல் தொடங்கிய காவற்கோபுரம் பத்திரிகையின் அட்டையில் 1931 வரை இருந்த சின்னம். மேசன்களின் நைட்ஸ் டெம்ப்ளர் பிரிவிலும் உண்டு, கிறிஸ்டியன் சயன்ஸ் என்ற மதப் பிரிவிலும் உண்டு. 'ஜீவகிரீடம்' வேதத்திலேயே இருக்கிறது. இதை வைத்து ஒன்றும் நிரூபிக்க முடியாது.

பாதி வாக்கியத்தை வெட்டி எடுப்பது

எனக்கு இன்னும் எரிச்சல் தருவது இதுதான். 1913-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் மேசன்களின் மண்டபம் ஒன்றில் ரஸ்ஸல் பேசினார். 'நானும் ஒரு ஃப்ரீமேசன்தான்' என்ற பொருளில் ஒரு வரி அந்தப் பேச்சில் உண்மையாகவே இருக்கிறது. எல்லாரும் அதை மட்டும் கத்தரித்துக்கொள்கிறார்கள். அடுத்த மூச்சிலேயே, ஆனால் நம் மேசன் சகோதரர்களின் பாணியில் அல்ல என்கிறார். மேசன் என்றால் கொத்தனார். அவர் சொல்ல வந்தது, கடவுளின் ஆலயத்தைக் கட்டும் தலைமைக் கொத்தனார் கிறிஸ்து, விசுவாசிகள் அந்த வேலையில் இருப்பவர்கள் என்பது. மண்டபத்துக்குச் சொந்தக்காரர்களின் பேச்சு வழக்கையே எடுத்து உபதேசமாக்குகிறார். அதோடு விடவில்லை, தான் ஒருபோதும் மேசனாக இருந்ததில்லை என்றும் அதே உரையில் சொல்கிறார்.

எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர் அந்த ஒற்றை வரியை அட்டையில் போட்டுக் கைக்காசில் சிறு நூல் அச்சடித்தார். "அண்ணே, அவரே ஒத்துக்கிட்டாரே, வேற என்ன வேணும்?" என்றார். சில நாளில் யெகோவாவின் சாட்சிகள் இருவர் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். இவர் பெருமையாக நூலை நீட்ட, அவர்களில் மூத்தவர் கைப்பேசியில் முழு உரையையும் எடுத்து, "சார், அடுத்த வரியையும் வாசிங்க" என்றாராம். கட்டுப் பிரிக்காத பிரதிகள் இன்னும் பரணில் கிடக்கின்றன. காசு போனதைவிட, அந்த நூலில் இருந்த நல்ல பகுதிகளையும் அதற்கப்புறம் யாரும் நம்பவில்லை என்பதுதான் பெரிய நஷ்டம்.

ஒருவர் மேசன் என்று சொல்ல லாட்ஜின், அதாவது மேசன்களின் உள்ளூர்க் கிளையின், உறுப்பினர் பதிவேடோ கூட்டக் குறிப்போ வேண்டும். ரஸ்ஸல் விஷயத்தில் அப்படி ஒரு தாளை இதுவரை யாரும் காட்டவில்லை.

அவரை 'யெகோவாவின் சாட்சி' என்று எழுதுவது

அந்தப் பெயர் வந்ததே 1931-ல். அவர் காலத்தில் பைபிள் மாணாக்கர்கள்.

ஆதாரம் கிடைத்ததும் எல்லாவற்றையும் அதில் ஏற்றுவது

மார்மன் இயக்கத்தின் ஜோசப் ஸ்மித் கதை வேறு. 1842 மார்ச் 15-ல் நாவூ லாட்ஜில் சேர்ந்து, மறுநாளே மேசன்களின் மூன்றாம் படிக்கு (மாஸ்டர் மேசன்) உயர்ந்தார். பதிவு இருக்கிறது. மே மாதமே ஆலயச் சடங்கை அறிமுகப்படுத்தினார். சடங்கில் மேசன் சாயல் உண்டா என்று கேட்பது நியாயமே. ஆனால் சபை தொடங்கியது 1830-ல். மார்மன் நூலும் அந்த ஆண்டே வந்தது. மேசன் ரகசியங்களை வெளியிடப்போவதாகச் சொன்ன வில்லியம் மார்கன் காணாமல்போன 1826 விவகாரத்தால் நியூயார்க் பக்கம் மேசன் எதிர்ப்பு கொதித்துக்கொண்டிருந்த நேரம் அது. ரகசியக் கூட்டங்களைத் திட்டும் பகுதிகள் அந்த நூலில் இருக்கின்றன. பன்னிரண்டு ஆண்டு கழித்து நடந்ததைக் கொண்டு தொடக்கத்தை விளக்க வேண்டாம்.

தப்பான பதிவேட்டில் தேடுவது

பிரம்மஞான சபையின் அன்னி பெசன்ட் 1902-ல் சேர்ந்தது பெண்களையும் ஏற்கும் கோ-மேசன்ரியில். ஆண்களை மட்டும் சேர்க்கும் தலைமை அமைப்பான இங்கிலாந்தின் ஐக்கிய கிராண்ட் லாட்ஜ் அதை அங்கீகரிப்பதில்லை. அங்கே பெயர் இல்லை, எனவே அவர் மேசனே இல்லை என்று முடிந்த கட்டுரை ஒன்றைப் போன வாரம்தான் திருப்பி அனுப்பினேன்.